கோடாலிக்குக் கூட்டிய ஒரு புள்ளி

என் பத்து வயதில் எனக்கு ஓர் எதிரி இருந்தான். அவன் முகத்தை நான் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. எந்த ஊர்க்காரன், மீசை உண்டா இல்லையா என்பதெல்லாம் தெரியாது. மழைக்காரன் என்ற பெயர் மட்டும் தெரியும். அதுவும் பெற்றவர்கள் வைத்த பெயராக இருக்க வாய்ப்பில்லை. மாமா வீட்டுக் கம்ப்யூட்டர் திரையில் ஆங்கில எழுத்தில், பச்சை நிறத்தில் அந்தப் பெயர் ஒளிரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கடல் ஊருக்குள் வந்துபோனதே, அதற்கு முந்தைய வருஷம் அது. அப்பா சவுக்குத் தோப்பு வெட்டும் ஆட்களோடு போய்க்கொண்டிருந்தார். செய்யூர்ப் பக்கம் ஒரு தோப்பு முடிந்தால் அடுத்த தோப்பு. வெட்டுகிற இடத்திலேயே தார்ப்பாய் கட்டிக் குடியிருப்போம். அம்மா கூடவே, கழித்துப்போட்ட சிறு கிளைகளை, மிலாரை, அடுக்குவாள். தோப்பு எந்த ஊரிலோ அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் போய் உட்காருவேன். சில ஊர்களில் வாத்தியார் என் பெயரைப் பதிவதற்குள் தோப்பு முடிந்துவிடும். பள்ளிக்கூடம் நடக்கிற நாட்களில் மதியச் சோறு அங்கேயே கிடைத்துவிடுவதால் என்னைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. லீவு விட்டால்தான் சிக்கல். ஆகவே காலாண்டு லீவுக்கும் அரையாண்டு லீவுக்கும் அம்மா என்னை பஸ் ஏற்றிக் கல்பாக்கத்தில் அவளுடைய அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

மாமா எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். அறைக்கு ஒரு மின்விசிறி, திருகினால் தண்ணீர். அத்தை என்னை வாசலிலேயே நிறுத்தித் தலையில் சீமெண்ணெய் ஊற்றித் தேய்ப்பாள். “அங்கியே நில்றா மாப்ள. தோப்பு பேனெல்லாம் டிக்கெட் எட்க்காம கூட்டியாந்துகீற” என்பாள். அரைமணி நேரம் அப்படியே வாசலில் எரிச்சலோடு நின்றால்தான் உள்ளே அனுமதி. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. உள்ளே மாமா மகள் இருந்தாள்.

அவள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவளை அக்கா என்று கூப்பிடக் கூடாதென்று அம்மா எனக்குத் தடை போட்டிருந்தாள். முறைப்பெண்ணை அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் நாளைக்கு எப்படிக் கட்டிக்கொள்வது என்பது அம்மாவின் கேள்வி. கேட்டுவிட்டு அம்மா சிரிப்பாள், அத்தை சிரிப்பாள், மாமாகூடச் சிரிப்பார். நான் சிரித்ததில்லை. எனக்கு இருபது ஆகும்போது அவளுக்கு இருபத்தாறு, அதில் என்ன தடை என்று கணக்கே போட்டு வைத்திருந்தேன். அக்கா என்றும் கூப்பிட முடியாது, பெயர் சொன்னால் மாமா முறைப்பார். அதனால் அவளை நான் எதுவுமே சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் அவள் எதிரே போய் நின்று இருமுவேன். அவளோ என்னை “மாமா” என்றுதான் கூப்பிடுவாள். “டேய் மாமா, அந்த சொம்ப எட்த்துனு வா.” அவள் கேலியாகத்தான் சொன்னாள். நான் அதை உரிமையாகவே வாங்கி வைத்துக்கொண்டேன்.

தினமும் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை கம்ப்யூட்டரில் இன்டர்நெட் போட்டுக்கொள்ள மாமா அனுமதி கொடுத்திருந்தார். போன் லைன் வழியாக வருகிற இன்டர்நெட் அது. கீச்சென்று கத்தி, இரைந்து, பிறகு அமைதியானால் லைன் கிடைத்துவிட்டதென்று அர்த்தம். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் ஆளே மாறிவிடுவாள். பனிமலைகளும் ஓநாய்களும் இடிந்த கோட்டைகளும் உள்ள ஒரு விளையாட்டு. அதில் அவளுக்கு வயிறு வரை தாடி வளர்ந்த ஒரு முரட்டு ஆள். அவனுக்குக் கோடாலி என்று பெயர் வைத்திருந்தாள், அவன் கையில் இருந்ததும் அதுதான். ஓநாய் பாயும்போது நாற்காலியில் அவளுடைய தோள்களும் தூக்கிக்கொள்ளும். வீட்டில் யாரிடமும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், அந்த நேரத்தில் மட்டும் “வா, வா, உன்னத்தான் தேடிகினு கீறேன்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவாள்.

அந்த மலைகளில் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் திரிந்தார்கள். அவர்களில் அவளோடு சேர்ந்து ஆடுகிறவன்தான் மழைக்காரன். வில் வைத்திருப்பான். ஐந்து மணிக்கு இவள் போய்ச் சேரும்போது அங்கே காத்துக்கொண்டிருப்பான். இருவரும் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிப் பேசிக்கொள்வார்கள். நான் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிப்பேன். நான் ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் மூன்று போயிருக்கும். ‘இடது பக்கம் ரெண்டு.’ ‘நான் பாத்துக்கறேன், நீ மேல ஏறு.’ ‘இன்னைக்கு எங்க வீட்ல பூரி.’ இந்தப் பூரியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டிலும் அன்று காலையில் பூரிதான். நானும் தின்றேன். எப்படி இருந்தது என்று என்னிடம் அவள் கேட்டாளா?

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“அவன் யாரு?”

“யாருக்குத் தெரியும்.”

“கல்யாணம் ஆயிட்சா?”

“போடா மாமா. அது ஆம்பளையா பொம்பளையான்னே தெரியாது.”

நான் நம்பவில்லை. காரன் என்று முடிந்தால் ஆண்தான். ஆனால் அவள் சொன்னது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். இன்டர்நெட் போட்ட அன்றே மாமா ஒரு கட்டளை போட்டிருந்தார்: பெயர், ஊர், பள்ளிக்கூடம் எதையும் யாரிடமும் சொல்லக் கூடாது. அவள் அப்படியே கடைப்பிடித்தாள். மழைக்காரனுக்கு அவள் கோடாலி, அவ்வளவுதான். தாடி வைத்த கோடாலி.

அந்த வருஷம் காலாண்டுக்கு முன்பு நடந்த பரீட்சை ஒன்றில் அவள் கெமிஸ்ட்ரியில் மோசமாக மார்க் வாங்கிவிட்டாள். மாமா கத்தவில்லை. கீபோர்டைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ஆபீஸ் போய்விட்டார். காலாண்டுப் பரீட்சை முடியும்வரை அது பட்டுப் புடவைகளோடு பீரோவிலேயே கிடந்தது. நான் லீவுக்கு வந்தபோதுதான் வெளியே வந்தது. அதற்குள் மழைக்காரன் ஆட்டத்தில் எங்கோ முன்னால் போய்விட்டிருந்தான். அந்த விளையாட்டில் ஓநாய்களை வெட்ட வெட்ட ஆளுக்குப் பலம் ஏறும். மலை உச்சியில் ஒரு பனிக்கதவு உண்டு. இரண்டு பேர் சேர்ந்து போனால்தான் திறக்கும், இருவருக்கும் இருநூறு பலம் இருக்க வேண்டும். மழைக்காரன் இருநூறைத் தொட்டுவிட்டான். கோடாலி பாதியைத்தான் தாண்டியிருந்தான்.

‘விஜயதசமி சாயங்காலம் அஞ்சு மணிக்கு கதவுகிட்ட நிக்கிறேன்’ என்று மழைக்காரன் எழுதினான். ‘அதுக்குள்ள வந்துடு. வரலன்னா வேற ஆளோட போறேன், கோச்சுக்காத.’

அவள் முகம் சுண்டிப்போனது. நான் வெளியே போய் மாடிப்படியின் கைப்பிடியில் சறுக்கிச் சறுக்கி விளையாடினேன். அவ்வளவு சந்தோஷம்.

மீதி நாட்களில் அவள் வெறிபிடித்தவள் போல ஆடினாள். தினம் ஒரு மணி நேரத்தில் எத்தனை ஓநாய்களை வெட்டிவிட முடியும்? அதிலும் நடுவே சரஸ்வதி பூஜை வந்தது. அத்தை கீபோர்டைத் துடைத்துச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, பாடப் புத்தகங்கள், மாமாவின் ஸ்பேனர், தையல் கத்தரிக்கோல் எல்லாவற்றோடும் சாமி முன்னால் வைத்துவிட்டாள். மறுநாள் காலை படையல் முடியும்வரை யாரும் தொடக் கூடாது. அவள் கூண்டுக் கிளி மாதிரி அந்தப் படையலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நான் சரஸ்வதியை மனமுருகிக் கும்பிட்டேன். என் வாழ்க்கையில் படிப்புத் தெய்வத்திடம் நான் உண்மையாக வேண்டிக்கொண்டது அந்த ஒரு முறைதான். அதையும் படிப்புக்காக வேண்டவில்லை.

விஜயதசமி காலையில் என் சித்தப்பா வந்து சேர்ந்தார். அப்பாவின் தம்பி. மகாபலிபுரத்தில், வெள்ளைக்காரர்கள் எடுத்த போட்டோக்களை சிடியில் ஏற்றிக் கொடுக்கும் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருந்தார். தோள்வரை முடி வைத்திருப்பார். நாலைந்து நாட்டுப் பாஷைகளில் வணக்கமும் கெட்ட வார்த்தையும் தெரியும். இடுப்பில் ஒரு பை, அதில் எப்போதும் சிடிகளும் பிளாப்பிகளும் இருக்கும். என்னைப் பார்க்கத்தான் வந்தார். கடைப் பூஜைப் பொரியும் கடலையும் கொண்டுவந்திருந்தார். எங்கள் அப்பா வழியில் காட்டிக்கொள்ள எனக்கிருந்த ஒரே சொத்து அவர்தான். பெருமையாக அவர் மடிமேலேயே உட்கார்ந்திருந்தேன்.

மாமா பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்களோடு திருப்போரூர் கோயிலுக்குப் போயிருந்தார். மாமா மகள் மெல்ல வந்து சித்தப்பா எதிரே நின்றாள்.

“மாமா, கேம்ல சேவ் ஆகியிருக்கும் இல்ல, அந்த ஃபைல்ல கை வெக்க முடியுமா?”

அவள் அவரை மாமா என்றாள். துளிக்கூடக் கேலி இல்லாமல் மாமா என்றாள். முறைப்படி அவர் அவளுக்கு மாமாதான், எனக்கும் தெரியும். இருந்தாலும் மடியிலிருந்து இறங்கிவிட்டேன்.

சித்தப்பா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு விளக்கம் சொன்னார். ஆட்டம் வேண்டுமானால் எங்கோ வெளிநாட்டில் நடக்கலாம், ஆனால் கோடாலி குடியிருப்பது இந்தப் பெட்டிக்குள்தான். அவன் பலம், உயிர், ஆயுதம் எல்லாம் ஒரு சின்ன ஃபைலாக இங்கேதான் சேர்ந்திருக்கிறது.

“அஞ்சு மணி ஆனா நம்மாளு மூட்டையக் கட்டினு அங்க போறான். போய் அவுத்துக் காட்றான். மூட்டைல நாம இன்னா வெச்சி அனுப்புறமோ அதான் அவன் சொத்து. அங்க இருக்கறவனுக்கு இன்னா தெரியும்?”

“இருநூறு போதும்” என்றாள் அவள். “கரெக்டா இருநூறு. அதுக்கு மேல வேணாம். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது.”

“எவ்ளோ வரைக்கும் ஏறும்?”

“இருநூத்தம்பது. அத்தனை பலம் இருக்கிற ஆளுங்க ரொம்ப கம்மி மாமா. இருநூறே போதும். மழைக்காரன் பொய்யாட்டம் ஆடறவங்களோட சேர மாட்டான். தெரிஞ்சா அவ்ளோதான்.”

“அவன் இன்னா பெரிய கலெக்டரா” என்றேன் நான். யாரும் கண்டுகொள்ளவில்லை.

அவள் விரலைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, “இருக்கறத ஒரு காப்பி எடுத்து வெச்சிட்டுச் செய்யலாமா மாமா? ஏதாச்சும் ஆனா பழசப் போட்டுக்கலாம்” என்றாள்.

சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “இன்னாம்மா, என் மேல நம்பிக்க இல்லியா? வெள்ளக்காரன் தன் கல்யாண போட்டோவையே என்கைல குட்த்துட்டு டீ குடிக்கப் போறான். நீ தாடிக்காரனுக்குப் போய் இவ்ளோ யோசிக்கிற.”

அதற்குள் சமையலறையிலிருந்து அத்தை அவளை வாழையிலை துடைக்கக் கூப்பிட்டாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். சித்தப்பா இடுப்புப் பையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்துச் செருகினார். திரையில் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. பலம் என்ற இடத்தில் இருநூறு என்று தட்டினார். பார்த்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை.

“நல்ல நாளு. குடுக்கறத முழுசாக் குடுப்போம்டா” என்று என்னிடம் சொல்லிவிட்டு அதை இருநூற்றைம்பது ஆக்கினார்.

அந்த நேரத்தில் அத்தை பாயசம் கொண்டுவந்தாள். “இன்னா பண்றீங்க ரெண்டு பேரும்?”

“புள்ளைக்கு பலம் ஏத்திகினு கீறேன் யக்கா.”

“எவ்ளோ?”

“இருநூத்தம்பது.”

அத்தை பாயசத்தைக் கொடுக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள். “நல்ல நாளும் அதுவுமா சைபர்ல முடிக்கறியே, உனுக்கு அறிவு கீதா? ஒண்ணு சேத்துப் போடுய்யா.”

அத்தை அப்படித்தான். கல்யாணத்துக்கு மொய் எழுதினாலும், காது குத்துக்குத் தட்டில் வைத்தாலும் மேலே ஒன்று இருக்க வேண்டும். அவள் மட்டுமல்ல, எங்கள் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான். சைபரில் முடித்தால் கொடுத்தது அதோடு முடிந்துவிடும், ஒன்று வைத்தால் மேலே வளரும். இதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்த சித்தப்பா, நாக்கைக் கடித்துக்கொண்டு, “அதுவும் கரெக்டுதான் யக்கா” என்றார். கடைசி சைபரை அழித்துவிட்டு ஒன்றைத் தட்டினார். இருநூற்றைம்பத்தொன்று. எனக்கும் அது பார்க்க நிறைவாகத்தான் இருந்தது. என்டர் தட்டினார். பாயசம் கைக்கு வந்தது.

சாப்பிட்டு முடித்தபோது கரண்ட் போய்விட்டது. எவ்வளவு போட்டீர்கள் என்று அவள் கேட்டதற்கு, “நீ கேட்டதுக்கு மேலயே போட்டுகீறேன், போய்ப் பாரு” என்று சித்தப்பா சொல்லிவிட்டுத் தரையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் கரண்ட் இல்லாமல் எதைப் பார்ப்பது? மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு மதியம் பூராவும் உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணி நெருங்கும்போதுதான் அது சுற்ற ஆரம்பித்தது. எழுந்து ஓடினாள்.

போன் கத்தி ஓய்ந்தது. பனி விழுகிற திரையில் கோடாலி வந்து நின்றான். கதவருகே பச்சைப் பெயர் ஏற்கெனவே ஒளிர்ந்துகொண்டிருந்தது.

‘வந்துட்டியா! எனக்குத் தெரியும் நீ வருவன்னு. வேற யாரையும் கூப்பிடல’ என்று எழுதியிருந்தான்.

அவள் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அவள் கையைத் தூக்கிப் பதிலைத் தட்ட ஆரம்பித்தபோது, விழுந்துகொண்டிருந்த பனி அப்படியே நின்றது. திரைக்குக் குறுக்கே சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. அவள் மட்டும் பார்க்கிற வரி அல்ல, அந்த நேரத்தில் அந்த மலையில் இருந்த அத்தனை பேருக்கும் வருகிற வரி. நான் எழுத்துக் கூட்ட ஆரம்பிப்பதற்குள் சித்தப்பா வாய்விட்டுப் படித்து அர்த்தம் சொல்லிவிட்டார். பலத்துக்கு எல்லை இருநூற்றைம்பது, கோடாலிக்கு இருநூற்றைம்பத்தொன்று இருக்கிறது, இது பொய்யாட்டம். இந்தப் பெயரும் இந்தக் கம்ப்யூட்டரும் இனி எப்போதும் உள்ளே வர முடியாது.

அதற்குக் கீழே மழைக்காரனின் பேச்சு ஒன்றும் வந்து விழுந்தது. ‘நீயுமா கோடாலி.’ அவ்வளவுதான். விளையாட்டு தானாக மூடிக்கொண்டது. அவள் விரல்கள் பாதி வார்த்தையில் நின்றன.

“யாரு அந்த ஒண்ணு போட்டது?” என்று மெல்லக் கேட்டாள்.

வாசற்படியில் நின்ற அத்தை, “நல்லதுக்குத்தான்டி சொன்னேன்” என்றாள்.

“ஒண்ணுதானம்மா” என்றார் சித்தப்பா. “ஒரே ஒண்ணுக்கா இவ்ளோ பேஜார் பண்ணுவான்?”

“பழச போடுங்க மாமா.”

பழசு எங்கே இருக்கிறது? சித்தப்பா முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். பிளாப்பியை வெளியே எடுத்தார், உள்ளே செருகினார், மறுபடி எடுத்தார். மாலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போய்விட்டார்.

அவள் அழவில்லை. யார் மீதும் கோபப்படவும் இல்லை. கோபப்படும்படி யாரும் எதுவும் செய்திருக்கவில்லையே. துணியை எடுத்து, கீபோர்டில் ஒட்டியிருந்த சந்தனத்தை எழுத்து எழுத்தாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அன்று இரண்டு தடவை வடை வாங்கித் தின்றேன்.

அதற்குப் பிறகு ஐந்து மணி என்னுடையதாகிவிட்டது. அவள் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். நான் மணலில் பல்டி அடித்துக் காட்டினேன், நண்டு பிடித்துக் காட்டினேன், மரம் விழும்போது அப்பா போடுகிற சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். “சூப்பர்டா மாமா” என்பாள். வீட்டுக்குத் திரும்பியதும் ஒரே ஒரு தடவை அந்த விளையாட்டைத் திறப்பாள். சிவப்பு வரி வரும். மூடிவிடுவாள். அந்த வரியை நான் இதற்குள் தடங்கலில்லாமல் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் நான் முழுதாகப் படித்த முதல் வாக்கியம் அதுதான். நன்றாகத்தான் இருந்தது.

லீவு முடிவதற்கு முன் சித்தப்பா கடையிலிருந்து போன் செய்தார். மனசு உறுத்தியிருக்க வேண்டும். கடைக் கம்ப்யூட்டர் ஒன்றில் அதே விளையாட்டை ஏற்றி வைத்திருப்பதாகவும், வேறு கம்ப்யூட்டர் என்பதால் தடை இருக்காது என்றும் சொன்னார். வளையல் வாங்கப் போவதாக அத்தையிடம் சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். தனியாக அனுப்ப மாட்டார்கள். “ஆம்பளத் துணை இருக்கே” என்று என்னைக் காட்டினாள். நான் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போனேன்.

கடையில் இரண்டு வெள்ளைக்காரர்கள் வெறுங்காலோடு உட்கார்ந்து கடிதம் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் அவள் புதிதாக ஓர் ஆளை உண்டாக்கினாள். பழைய பெயரை அது ஏற்கவில்லை, பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துக் கோடாலி என்றே வைத்தாள். பலமில்லாத, தாடி வளராத ஆள், கையில் ஒரு குச்சி. மலையடிவாரத்துக்கு மேல் ஏற முடியாது. அங்கேயே நிற்க வைத்துக் காத்திருந்தாள். ஐந்து மணிக்குப் பச்சைப் பெயர் ஒளிர்ந்தது. அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

‘நான்தான்’ என்று எழுதினாள்.

‘யாரு?’

‘கோடாலி. வேணும்னு செய்யல. சாரி.’

‘நீ மூணாவது ஆள்’ என்று பதில் வந்தது. ‘அந்த சிவப்பு லைன் வந்ததுலேர்ந்து டெய்லி எவனாவது கோடாலின்னு சொல்லிக்கிட்டு வர்றான். கிண்டல் பண்ணது போதும்.’

அவள் வேகவேகமாகத் தட்டினாள். ஓநாய்களைப் பற்றி எழுதினாள், பூரியைப் பற்றியும் எழுதினாள். எல்லாம் பொதுவில் பேசியதுதானே, யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம் என்றான் அவன். அவள் கைகள் நின்றன. பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுகிறவள் மாதிரி, மெல்ல, தன்னுடைய சொந்தப் பெயரைத் தட்டினாள். அப்பா பெயரின் முதலெழுத்தோடு, பள்ளிக்கூடத்தில் எழுதுவது போல முழுப் பெயரை. கீழே, கல்பாக்கம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமாவின் கட்டளையை மீறுகிறாள் என்பதற்காக அல்ல. என் வீட்டுப் பெயரை எடுத்து அவனிடம் கொடுக்கிறாளே என்றுதான்.

பிறகு ஒரு வரி வந்தது. ‘அது யாரு? எனக்கு அப்படி யாரையும் தெரியாது.’ பச்சைப் பெயர் அணைந்துவிட்டது.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா கலர் சோடா வாங்கிவந்து கொடுத்தார். அவள் குடிக்கவில்லை, அதையும் நான்தான் குடித்தேன். உள்ளுக்குள் எனக்குக் கொட்டு முழங்கியது. அவன் தோற்றான். எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்த அந்தப் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. கையில் கொடுத்தும் தெரியவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் தெரிந்து தெரிந்து மறைந்தது.

“இருநூறே போட்டிருந்தாலும் அது பொய்தான்டா” என்றாள் திடீரென்று. என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

பிறகு நிஜமாகவே என் பக்கம் திரும்பினாள். “டேய் மாமா. நாளைக்கு நான் வேற மூஞ்சி, வேற பேரோட வந்து நின்னேன்னு வெச்சிக்க. நான்தான்னு உனக்குத் தெரியுமா?”

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? “செருப்பப் பாத்தா தெரிஞ்சிடும்” என்றேன். “உன் இடதுகால் செருப்பு ஒரு பக்கமாவே தேயும்.”

அவள் காலைக் குனிந்து பார்த்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, சதுரங்கப்பட்டினம் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். இவ்வளவு நாளாக மழைக்காரன் சிரிக்க வைத்தவளை இன்று நான் சிரிக்க வைத்துவிட்டேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். கண்டக்டர் ஒரு தரம் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, “இன்னா தம்பி, இன்னாத்துக்கு அந்தப் பொண்ணு அழுவுது?” என்று கேட்டார். என்ன கண்டக்டர் இவர், சிரிப்புகூடத் தெரியவில்லை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.